திங்கட்கிழமை இரண்டு பத்து

அதிபர் கையெழுத்துப் போட்டது திங்கட்கிழமை இரவு 11.50 மணிக்கு. அந்தக் கையெழுத்தைப் பற்றிய தொலைபேசிச் செய்தி சந்தானத்துக்கு வந்ததோ அதே திங்கட்கிழமை அதிகாலை 2.10 மணிக்கு. அனுமதி பிறப்பதற்கு இருபத்தொரு மணி நாற்பது நிமிடம் முன்பே அது வந்து சேர்ந்திருக்கிறது.

மாதவி மூன்று வாரங்களாக இந்த இரண்டு நேரங்களும் இருந்த இரண்டு தாள்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏனாத்தூரில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறவள். சந்தானம் அவளுடைய அப்பா.

முதலில் கடிகாரத்தைச் சந்தேகித்தாள். லுவாரா என்ற அந்தக் கிழக்கு ஆப்பிரிக்க நாடு, நேரத்தில் நமக்கு இரண்டரை மணி பின்னால் இருக்கிறது. அப்பா தன் கைக்கடிகாரத்தை இந்திய நேரத்திலேயே விட்டு வைத்திருந்தால்? அப்படியானால் செய்தி வந்தது அங்கே ஞாயிற்றுக்கிழமை இரவு 11.40. இடைவெளி குறையவில்லை, கூடிப்போகிறது. 2.10 என்பது பிற்பகலாக இருந்தால்? அப்போதும் கையெழுத்துக்கு ஒன்பது மணி நாற்பது நிமிடம் முன்னால். எப்படிக் கூட்டிக் கழித்தாலும் கையெழுத்துக்கு முன்பே செய்தி வந்திருந்தது.

சந்தானம் அந்த நாட்டில் இருந்த நம் தூதரகத்தில் தந்திப் பிரிவு குமாஸ்தா. நாற்பத்தொரு ஆண்டுகளுக்கு முன் அங்கே கலவரம் வெடித்தது. வெளிநாட்டுத் தொழிலாளர்களைத் தேடித் தேடி அடித்தார்கள். துணி ஆலையில் வேலை செய்த நம் ஆட்கள் முப்பத்தொரு பேர் துறைமுகத்துப் பஞ்சுக் கிடங்கில் ஒளிந்திருந்தார்கள். அவர்களை ஏற்றிக்கொள்ள இந்தியக் கப்பல் ஒன்று துறைமுகத்துக்கு வெளியே நின்றது. அதிபரின் அனுமதியில்லாமல் உள்ளே வந்தால் சுடுவோம் என்று கடற்படை எச்சரித்திருந்தது. தூதர் ஞாயிறு மாலை அனுமதி கேட்டுக் கடிதம் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை அதிகாலை ஒரு மணிக்குக் கிடங்கு எரிந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை.

இறந்தவர்களில் ஒருவர் மானாம்பதி குமரேசன். நெசவாளர் வீட்டுப் பிள்ளை, தறி ஃபிட்டர், வயது இருபத்தேழு. ஆலையில் ஆள் எடுக்கிறார்கள் என்று ஊருக்குக் கடிதம் எழுதி அவரை வரவழைத்ததே சந்தானம்தான்.

நம் அரசின் விசாரணைக் குழு இரண்டே மாதத்தில் முடிவு சொன்னது. அனுமதி திங்கள் அதிகாலையே கிடைத்துவிட்டது, குமாஸ்தா அதைத் தூதரிடம் சேர்க்க இருபத்து நான்கு மணி நேரம் தாமதித்தார் என்றது. செய்தியை வாங்கியதும் தூதர் கிழமையும் மணியும் குறித்து வைத்த துண்டுச் சீட்டை ஆதாரமாகக் காட்டியது. லுவாரா அரசும், தாங்கள் உரிய நேரத்தில் அனுமதி தந்துவிட்டதாக எழுதி அனுப்பியது. இரண்டு அரசுகளின் உறவும் முறியவில்லை. சந்தானத்தின் வேலை போயிற்று. போன் வந்தும் தூங்கிவிட்டார் என்று ஊர் பேசியது. அறிக்கையை அவருக்குக் காட்டவேயில்லை. பணிநீக்க ஆணையில் இருந்தது ஒரே வரி: செய்தியைச் சேர்க்கத் தாமதித்தார். செய்தி வந்த அரைமணி நேரத்தில் தூதர் கையில் கொடுத்தேன் என்று பதினோரு மனு எழுதினார். எட்டு ஆண்டுகளுக்கு முன் உத்திரமேரூரில் இறந்தார்.

பாடை தெருமுனையைத் தாண்டும்போது குமரேசனின் மனைவி இந்திராணி அங்கே நின்றுகொண்டிருந்தார். "இப்பவாச்சும் நல்லா தூங்கட்டும்" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். மாதவியின் காதிலும் விழுந்தது.

போன ஆண்டு லுவாராவின் ஆவணக் காப்பகம் அந்த அதிபரின் நாட்பதிவை ஸ்கேன் செய்து இணையத்தில் வெளியிட்டது. அதே சமயம் தில்லியில் விசாரணைக் கோப்பின் பிரதியைக் கேட்டு வாங்கவும் வழி கிடைத்தது. மாதவி இரண்டையும் எடுத்தாள். அச்செடுக்க அவள் போனது உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கும் இ-சேவைக் கடைக்கு. கடை தீபலட்சுமியுடையது. குமரேசன் இறந்து நான்கு மாதம் கழித்துப் பிறந்த மகள். இது தெரிந்தேதான் மாதவி அங்கே போனாள்.

மறுநாளே இந்திராணி கடைக்கு வந்துவிட்டார். அறுபத்தாறு வயது. நின்றுகொண்டே பேசினார்.

"உங்கப்பா தூங்கிட்டாரா, இல்லியா? அத்த மட்டும் சொல்லு. கப்பலு, அதிபரு கதையெல்லாம் எனுக்கு இன்னாத்துக்கு?"

இன்னும் தெரியவில்லை, தெரிந்ததும் எதுவானாலும் அப்படியே வந்து சொல்கிறேன் என்றாள் மாதவி.

"மாத்திச் சொல்லிடுவே. அப்பனாச்சே."

"யம்மா, எல்லாப் பேப்பரையும் நாந்தான் பிரிண்டு எடுக்கறேன். எனுக்குத் தெரியாம இன்னாத்த மாத்துவாங்க?" என்றாள் தீபலட்சுமி, கணினியிலிருந்து தலையைத் தூக்காமல்.

அன்று ஓர் ஏற்பாடு முடிவாயிற்று. எந்தத் தாளாக இருந்தாலும் இரண்டு பிரதி. ஒன்று மாதவிக்கு, ஒன்று இந்திராணி வீட்டுக்கு. மாதவிக்கு இது பிடித்திருந்தது. என்ன விடை வேண்டும் என்று முன்கூட்டியே ஆசைப்படுகிறவர் போடும் கணக்கை யாரும் அப்படியே நம்பக் கூடாது. தன்னையும் சேர்த்துத்தான் நினைத்தாள்.

அதிபரின் நாட்பதிவு எப்படி உருவாகிறது என்பதை அவள் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அதிபர் அறைக்கு வெளியே ஒரு செயலர் உட்கார்ந்திருப்பார். யார் உள்ளே போகிறார், எப்போது வெளியே வருகிறார், எந்தக் கோப்பு மேசைக்குப் போகிறது என்று ஐந்து நிமிடக் கணக்கில் பென்சிலால் குறிப்பார். வாசல் காவலர் வண்டிகளுக்குத் தனிப் பதிவேடு வைத்திருப்பார். தொலைபேசி இயக்குபவர் ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு சீட்டு எழுதுவார். மறுநாள் காலையில் ஒரு தட்டச்சர் மூன்றையும் சேர்த்து ஒரே நாளாக அடிப்பார். ஒன்று பிழைபட்டால் மற்ற இரண்டும் காட்டிக்கொடுத்துவிடும். அந்த வாரத்துச் சீட்டுகள் மட்டும் தண்ணீரில் ஊறிக் கெட்டுப்போனதாகக் காப்பகத்தின் பட்டியல் சொன்னது. செயலரின் குறிப்பும் வாசல் பதிவேடும் இருந்தன.

அந்தத் திங்கட்கிழமை இப்படிப் போயிருந்தது. காலை 7.15 சிற்றுண்டி. 9.00 மணிக்கு ஒரு பெரிய நாட்டின் ராணுவக் குழுவோடு பேச்சு. அவர்கள் ஆயுதம் தருவார்கள், பதிலுக்கு லுவாரா தன் துறைமுகத்தை மற்ற நாட்டுக் கப்பல்களுக்கு மூட வேண்டும். 11.30க்கு இந்தியத் தூதரின் கடிதம் மேசைக்குப் போனது. எதிரே செயலரின் பென்சில் எழுத்து: விருந்துக்குப் பிறகு. பகல் உணவு. மூன்றிலிருந்து ஆறுவரை ஓய்வு. முடிதிருத்துபவர் வந்து போனார். 8.00 மணிக்கு விருந்து. 11.20க்கு ஆயுத ஒப்பந்தம் கையெழுத்தானது. 11.35க்கு விருந்தினரின் நான்கு கார்களும் வாசலைத் தாண்டியதாகக் காவலர் எழுதியிருந்தார். 11.50க்கு இந்தியக் கப்பலுக்கு அனுமதி. பிறகு அதிபர் மாடிக்குப் போனார்.

விருந்தாளிகள் கிளம்பும்வரை இன்னொரு நாட்டுக் கப்பல் துறைமுகத்துக்குள் தெரியக் கூடாது. அந்த அரசின் வெளியுறவுக் கொள்கை அன்று அவ்வளவுதான். முப்பத்தொரு பேரும் மேசைமேல் பன்னிரண்டு மணி நேரம் கிடந்தார்கள்.

ஆனால் இதை இந்திராணியிடம் எடுத்துக்கொண்டு போக முடியாது. இந்த நாட்பதிவு உண்மையென்றால் அப்பாவின் குறிப்பு பொய். அப்பாவின் குறிப்பு உண்மையென்றால், பழியை மறைக்க யாரோ பிற்பாடு நாட்பதிவைத் திருத்தியிருக்கிறார்கள், அதாவது அனுமதி முன்பே வந்துவிட்டது, அப்பா ஒரு நாள் முழுக்கத் தூங்கியிருக்கிறார். இரண்டில் எதுவானாலும் மாதவிக்கு நல்லதில்லை.

அப்பாவின் நோட்டை விசாரணைக் குழு வாங்கிக்கொண்டு திருப்பித் தரவில்லை. கோப்பில் இருந்தது அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு மட்டும். நான்கு மாதக் குறிப்புகள், கட்டம் போட்ட அட்டவணையாக: வாரம், கிழமை, மணி, செய்தி, நோட்டின் பக்க எண். திங்கட்கிழமையின் முதல் வரியே 2.10, அதிபர் மாளிகையிலிருந்து போன்.

அந்த அட்டவணையை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டிருந்தபோது தீபலட்சுமி இயந்திரத்தை நிறுத்தினாள். நாள் முழுக்க ஊரார் விண்ணப்பங்களைக் கட்டத்தில் ஏற்றுகிறவளுக்குக் கடைசிக் கட்டத்தின் மேல் கண் போவது வழக்கம்.

"மேடம், இது சார்ட் பண்ணி அடுக்குனது. எழுதுன வரிசை இல்ல இது. பக்க நம்பரப் பாருங்க."

மாதவி பார்த்தாள். திங்கள் 2.10 நோட்டின் நாற்பத்தேழாம் பக்கத்தில் இருந்தது. திங்கள் காலை 9.00, மாலை 5.30, இரவு 8.00, எல்லாம் நாற்பத்தாறாம் பக்கம். செவ்வாய் காலை 7.00 மறுபடியும் நாற்பத்தேழு. மொழிபெயர்த்தவர் வசதிக்காக ஒவ்வொரு வாரத்தையும் கிழமைவாரியாக, மணிவாரியாக அடுக்கிவிட்டார். அடுக்கியதில் இரண்டு பத்து, நாளின் கடைசியிலிருந்து நாளின் தலைக்கு ஏறிவிட்டது.

சந்தானம் முதலில் இரவு எட்டு மணிக் குறிப்பை எழுதியிருக்கிறார். பிறகு 2.10. பிறகு காலை ஏழு. அப்படியென்றால் 2.10க்கு நேரே ஏன் திங்கள் என்று எழுதினார்? களைப்பில் வந்த பிழையா?

ஒருமுறை நடந்தால் பிழை. எப்போதும் நடந்தால் பழக்கம். இதைச் சோதிக்க, வழக்குக்குச் சம்பந்தமில்லாத, வேறு யாரோ பதிந்த ஒன்று வேண்டும். மாதவி அட்டவணை முழுவதையும் மறுபடி படித்தாள். வாரம் ஒருமுறை ஒரே மாதிரி ஒரு வரி வந்தது: ஞாயிறு 3.40, பை வந்தது. பம்பாயிலிருந்து விமானத்தில் வரும் தூதரகத் தபால் பை. பதினேழு முறை. பதினேழும் ஞாயிறு. அதே கோப்பின் பின்னிணைப்பில் விமான நிலையத்தின் ரசீதுகளும் இருந்தன. வாரம் ஒரே விமானம். இறங்குவது திங்கட்கிழமை அதிகாலை 3.20க்கு. பதினேழு ரசீதும் திங்கள்.

தீபலட்சுமி ஒவ்வொரு ரசீதையும் வாய்விட்டுப் படிக்க, மாதவி அட்டவணையில் டிக் போட்டாள். ஒன்றுகூட விலகவில்லை. கடைக்கு வந்தவர்களை நாளைக்கு வரச் சொல்லி அனுப்பினார்கள்.

ஞாயிறு என்று எழுதியவர் பதினேழு முறையும் களைத்திருக்க முடியாது. மாதவி அண்ணன் ரங்காவுக்குப் போன் செய்தாள். அவர் பெருமாள் கோவிலில் விடியற்காலையில் சுவாமி முன்னால் பஞ்சாங்கம் வாசிக்கிறவர். அன்றைய திதி, நட்சத்திரம், கிழமை எல்லாவற்றையும் பெருமாளுக்குச் சொல்லும் அந்தக் கைங்கரியம் அவர்கள் குடும்பத்தினுடையது. வேலைக்குப் போகும் முன் சந்தானமும் செய்திருக்கிறார், வேலை போன பின்னும் செய்திருக்கிறார்.

எதற்கென்று சொல்லாமல் கேட்டாள். "அண்ணா, ராத்திரி ரெண்டு மணிக்கு என்ன கிழமை?"

"முந்தின நாள் கிழமைதான். பொழுது விடியலையே. விடிஞ்சாத்தானே அடுத்த கிழமை? அப்பா அப்படித்தானே சொல்லிக்குடுத்தார். ஏன் கேக்கறே?"

அப்புறம் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டு மாதவி விசாரணைக் கோப்பைப் பிரித்தாள். விசாரணையில் அப்பாவிடம் என்ன கிழமை என்று கேட்டிருக்கிறார்கள். திங்கள் என்றிருக்கிறார். யார் கணக்குப்படி திங்கள் என்று யாரும் கேட்கவில்லை. தூதரின் துண்டுச் சீட்டில் செவ்வாய் 2.40 என்று இருந்ததை அப்பாவின் கண்ணில் காட்டியிருந்தால் அந்த நிமிடமே விளங்கியிருக்கும்.

மானாம்பதியில் இந்திராணியின் வீட்டுக் கூடத்தில் மூவரும் உட்கார்ந்தார்கள். இந்திராணி தன் பிரதியை மடியில் வைத்திருந்தார். மாதவி ஒவ்வொரு தாளாகச் சொல்லி முடித்தாள். இடையில் இந்திராணி ஒரே ஒரு முறை கேட்டார்.

"போன் வந்தப்போ அந்தக் கெடங்கு?"

"எரிஞ்சு ஒரு மணி நேரத்துக்கு மேல ஆயிடுச்சு."

இந்திராணி தாள்களைத் தடவினார். மடிந்த ஓரத்தை நிமிர்த்தினார்.

"நாப்பது வருசமா தப்பான ஆள வஞ்சிகினு இருந்தேனா" என்றார். பிறகு, "அந்த அதிபரு கீறானா?"

இறந்துவிட்டார், முப்பது ஆண்டுக்கு முன், படுக்கையில், என்றாள் மாதவி. இந்திராணி தலையசைத்தார். இங்கிலீசுத் தாளை வைத்துக்கொண்டு தனக்கு ஒன்றும் ஆகாது, நடந்ததைத் தமிழில் ஒரே தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்றார்.

தீபலட்சுமி பேனா கொடுத்தாள். மாதவி எழுதினாள்:

சந்தானத்தின் நோட்டில் பொழுது விடியும்வரை முந்தைய நாளின் கிழமையே நடக்கும். தபால் பை வந்த பதினேழு நாளும் இதற்குச் சான்று. ஆகவே அவர் எழுதிய திங்கள் 2.10, அரசுக் கணக்கில் செவ்வாய் அதிகாலை 2.10. தூதரின் கைக்கு அது போனது செவ்வாய் 2.40. அவர் எடுத்துக்கொண்டது அரைமணி நேரம். அனுமதி கேட்ட கடிதம் அதிபரின் மேசைக்கு வந்தது திங்கள் பகல் 11.30, கையெழுத்தானது இரவு 11.50. கிடங்கு எரிந்தது செவ்வாய் அதிகாலை 1.00. தாமதம் அதிபரின் மேசையில் நடந்தது. பன்னிரண்டு மணி இருபது நிமிடம்.