கடலுக்கு வரைந்த கோடு

மனிதகுலம் இதுவரை வரைந்த கோடுகளிலெல்லாம் மகத்தானது, மரக்காணத்தில் கடல் எங்கே நிற்க வேண்டும் என்று கடலுக்கே சொன்ன கோடு. வரைந்தவர் சிலம்பரசன், திண்டிவனம் ரோட்டில் ஃபிளெக்ஸ் கடைக்காரர். ஒரு காதுகுத்து பேனர் காத்திருந்ததால் கொஞ்சம் அவசரமாக வரைந்தார்.

முன்பு ஒரு கல்யாண பேனரில் மாப்பிள்ளை முகம் கலங்கலாக விழுந்துவிட்டது. "இது மாப்பிள்ளையா, மாப்பிள்ளையோட ஆவியா?" என்று மாப்பிள்ளையின் சித்தப்பா கேட்டார். அன்றிலிருந்து ஊரில் அவருக்கு 'மங்கல்' சிலம்பரசன் என்று பெயர். அந்தப் பெயரைத் துடைக்கத்தான் அவர் உழைத்துக்கொண்டிருந்தார். மங்கலாக எதுவும் கடையைவிட்டு வெளியே போகாது.

அப்படிப்பட்டவருக்குத்தான் சங்கீதா பேனர் அடிக்கச் சொல்லி வாட்ஸ்அப்பில் ஒரு வரைபடம் அனுப்பினாள். புதுச்சேரியில் கடலை ஆராய்கிற பெண். பெரும்புயல் அடித்தால் உப்பளத்துக்குள் தண்ணீர் எதுவரை ஏறும் என்பதைக் காட்டும் படம். கரையோரம் அடர் நீலம். உள்ளே வர வர வெளுத்து, பாத்திகளின் நடுவே எங்கேயோ காணாமல் போனது. வாட்ஸ்அப் படத்தைத் தின்றுவிட்டது என்று சிலம்பரசன் இரக்கப்பட்டார். நீலத்தை ஒரே சீராக நிரப்பி, ஓரத்தில் தடிமனாகச் சிவப்புக் கோடு இழுத்தார். பத்தடி பேனர் கண்ணாடி மாதிரி வந்தது.

உப்பளக்காரர்கள் கூட்டத்தில் அதைக் கட்டினார்கள். மழைக்கு முன் உப்பை எங்கே குவித்து வைப்பது என்று அன்று முடிவு செய்ய வேண்டும்.

"விஞ்ஞானம்னா இதாம்பா," என்றார் தலைவர் கலியமூர்த்தி. "கோட்டுக்கு இந்தாண்ட குவிச்சிடுவோம். வேல முடிஞ்சுது." சிலம்பரசனுக்குச் சால்வை போர்த்தினார். கைதட்டலில் மங்கல் என்ற சொல்லே செத்துப்போனதாக அவருக்குப் பட்டது.

பஸ் தாமதமாகி அப்போதுதான் வந்த சங்கீதா பேனரைப் பார்த்து நின்றாள்.

"இந்தக் கோடு எங்கிருந்து வந்துச்சு?"

"நான் போட்டதுங்க மேடம். ஒரே மங்கலா இருந்துச்சு."

"மங்கலாத்தாங்க இருக்கணும். தண்ணி எங்க நிக்கும்னு எங்களுக்கே உறுதியாத் தெரியாது. அடர்த்தியா இருக்கற எடத்துக்கு வர்றது கிட்டத்தட்ட நிச்சயம். வெளுக்க வெளுக்க சந்தேகம். அந்தச் சந்தேகத்தத்தான் கலரா காட்டினேன்."

"தெரியாதுன்னு சொல்றதுக்கா இவ்ளோ படிப்பு?" என்றார் கலியமூர்த்தி.

"எவ்ளோ தெரியாதுன்னு சொல்றதுக்குங்க."

பின்வரிசையிலிருந்து சகாதேவன் கேட்டார்: "அப்ப கோட்டோரமா குவிச்சா?"

"கரைஞ்சாலும் கரையும். வெளுப்பு முழுசா முடியற எடத்துக்கு அப்பால போங்க."

"கோடுதான் இருக்குதே," என்றார் தலைவர். "ஏம்பா சிலம்பரசா, அது சரியான கோடுதானே?"

எல்லோரும் திரும்பினார்கள். தலையாட்டினால் போதும், சால்வை நிலைக்கும். ஊரின் உப்பு கடலுக்கே திரும்பிப் போனாலும் பழி புயலுக்குத்தான். கோடு தப்பு என்றாலோ பழைய பெயர் வாசலிலேயே காத்திருந்தது. சிலம்பரசன் சால்வையைத் தோளில் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"கோடு என் கைவேலைங்க. கடலுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. மேடம் படம் மங்கலா இருக்கறதுதான் சரி. நாளைக்கே மங்கலா அடிச்சுத் தர்றேன். இந்த ஜில்லாவுல என்ன மாதிரி மங்கலா அடிக்க எவனும் பொறக்கல."

"அது எங்களுக்கே தெரியும்டா மங்கலு," என்றது ஒரு குரல். சிரிப்பு எழுந்தது. சிலம்பரசன் வாழ்க்கையில் முதல்முறையாக அந்தப் பெயருக்குத் தலைநிமிர்ந்து கும்பிடு போட்டார். உப்பை வெளுப்புக்கு அப்பால் குவிப்பது என்று முடிவானது.

கூட்டம் கலையும்போது, தலைவருக்குப் பக்கத்துப் பாத்திக்காரி அஞ்சம்மாள் பேனரில் விரல் வைத்தாள். "எல்லாம் சரி தம்பி. நேரா வந்த கோடு, தலைவர் பாத்திய மட்டும் வுட்டுட்டு ஏன் கடல் பக்கமா வளைஞ்சு போவுது?"

கலியமூர்த்தி தொண்டையைச் செருமினார். "அது மேட்டுப் பாத்தி. கடலுக்கே தெரியும்."

சிலம்பரசன் தரையைப் பார்த்தார். பேனரில் அந்த இடத்தில்தான் அவர் தன் கடையின் செல்போன் நம்பரை அச்சடித்திருந்தார். கோடு நேராகப் போயிருந்தால் கடைசி இரண்டு எண்கள் மறைந்திருக்கும்.