புளி போட்டு விளக்கிய மூச்சு

இரவிச்சந்திரன் குளியல் தொட்டிக்குள் முகத்தை அமிழ்த்தி விட்ட முதல் குமிழி மேலே வந்து வெடித்து, "மச்சான் சொன்னது சரி" என்றது. குரல் அவருடையதுதான், சற்று ஈரமாக இருந்தது. மொன்ட்ரியால்-நோரில் அந்தக் கட்டடத்துச் சுவர்கள் மெல்லியவை. மேல்வீட்டில் ஒருவர் தும்மினால் கீழ்வீட்டில் நூறாண்டு வாழ்த்துவார்கள். அடுக்களையில் விளைமீன் வெட்டிக்கொண்டிருந்த அவருடைய மனைவி தாட்சாயினிக்கு அந்த வசனம் தெளிவாகவே கேட்டது. கலியாணம் கட்டிய நாளிலிருந்து புருசனின் வாயில் வராத வசனம் அது. கத்தியோடு வந்து குளியலறை வாசலில் நின்றார்.

"ஆரோட கதைக்கிறியள்?"

கருவியை வாயில் கவ்வியபடி இரவிச்சந்திரன் தண்ணீருக்குள் இல்லையென்று தலையாட்டினார். இரண்டாவது குமிழி மேலே வந்து, "கடவுளே, இவளுக்குக் கேட்டுட்டுது" என்று சொல்லி உடைந்தது.

அந்தக் கருவியின் பெயர் றெகுலேற்றர். சுழியோடிகள் முதுகில் சுமக்கும் சிலிண்டரிலிருந்து வாய்க்குக் காற்றை அளந்து கொடுப்பது. இரவிச்சந்திரன் பிறவிச் சுழியோடி அல்லர். புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறவர். வைத்தியர் நெஞ்சுப் படத்தைக் காட்டிப் பயமுறுத்தியதால் சிகரெட்டை விட்டார். மூச்சுப் பழகுவதற்காக நகரசபை நீச்சல் தடாகத்துக்குப் போனவர், அதன் ஆழமான மூலையில் சுழியோடப் பழகுகிற ஒரு கூட்டத்தைக் கண்டார். மேலே நின்றபோது ஓயாமல் பிரெஞ்சில் கதைத்த அவர்கள், தண்ணீருக்குள் போனதும் வாயடைத்து, கையால் மட்டும் கதைத்தார்கள். மேலே போவோம், கீழே போவோம், எனக்குச் சுகம், காது குத்துகிறது. இந்த மாகாணத்தில் பிரெஞ்சே இல்லாத ஓர் இடம் இருக்கிறது என்று இரவிச்சந்திரன் அன்றுதான் அறிந்தார். அன்றே பெயர் பதிந்தார்.

புதுச் சாமான் வாங்க வழியில்லை. வீட்டுக் காசில் கைவைக்கக்கூடாது, சிகரெட்டில் எரித்த காசு வேண்டுமென்றால் தண்ணீரோடு போகட்டும் என்று தாட்சாயினி தீர்ப்புச் சொல்லியிருந்தார். ஆகவே எல்லாம் பழசாக வந்து சேர்ந்தன. தாட்சாயினி தாராக்கால் என்று பெயர் வைத்த துடுப்புக் காலணிகள் ஒன்று நீலமும் ஒன்று மஞ்சளுமாக வந்தன. யாரோ ஒரு நெட்டையரின் ரப்பர் உடுப்பு வந்தது. கையிலும் காலிலும் மடித்துவிட்டால்தான் இரவிச்சந்திரனின் விரல்கள் வெளியே தெரியும். ஒரு வீட்டு வாசலில் பூச்சட்டி தாங்கிக்கொண்டிருந்த சிலிண்டர், அழுத்தப் பரிசோதனையில் முதல் தரத்திலேயே தேறியது. சனிக்கிழமைகளில் அவர் நிலக்கீழ் அறையில் உட்கார்ந்து, பல்விளக்கும் தூரிகையால் உப்புத் தட்டி, வெடித்த ரப்பர் வளையங்களை நகத்தால் நெம்பி எடுத்துப் புதியவை போட்டு, கிழிந்த பட்டிகளைச் சப்பாத்து ஊசியால் தைத்தார்.

கடைசியாகத்தான் றெகுலேற்றர் கிடைத்தது. புவாண்ட்-கிளேரில் ஒரு கராஜ் விற்பனையில், உடைந்த பனிச்சறுக்குப் பலகைகளுக்குக் கீழே கிடந்தது. உள்ளே நல்ல பித்தளை, வெளியே பச்சைக் களிம்பு. வினாகிரியில் ஊறவைக்கச் சொல்லித்தான் புத்தகங்கள் சொல்கின்றன. ஆனால் முன்னொருமுறை அவர் ஏதோ ஒரு வால்வைப் புட்டுப் பானையில் வினாகிரி ஊற்றி அவித்ததால், அந்த வீட்டில் வினாகிரிக்குத் தடை இருந்தது. இரவிச்சந்திரன் யோசித்தார். பித்தளையென்றால் புளிதானே? கார்த்திகை விளக்கீட்டுக்கு முன் குத்துவிளக்கை எதனால் விளக்குகிறோம்? மீன்குழம்புக்கு ஊறிக்கொண்டிருந்த பழப்புளியை அடுக்களையிலிருந்து கிளப்பிக்கொண்டுபோய் அப்பித் தேய்த்தார். களிம்பு போய், கருவி அம்மன் நகைபோல மின்னியது. அது கதைக்கத் தொடங்கியதற்கு வேறு காரணம் எவருக்கும் தெரியாது.

மச்சான் என்றது தாட்சாயினியின் அண்ணன் வசீகரனை. கோவிட் வருவதற்கு முன்பிருந்தே இரண்டு பேருக்கும் பேச்சில்லை. தாட்சாயினியின் தங்கைக்கு லாவாலில் ஒரு மண்டபத்தில் கலியாணம். பெண்ணின் தமையன் என்ற முறையில் வசீகரன்தான் மாப்பிள்ளைத் தோழன். மாப்பிள்ளையின் காலைக் கழுவி, அதற்கு அவர் போட்டுவிடும் மோதிரத்தை வாங்கி, மணவறைக்குக் கூட்டிப்போக வேண்டியவர். அவரை ஏற்றிக்கொண்டு வண்டி ஓட்டியவர் இரவிச்சந்திரன். ஆற்றுக்குக் கிட்ட வந்தபோது வசீகரன், "மற்றப் பாலத்தால விடும் மச்சான்" என்றார். தெருவோரத்துச் செம்மஞ்சள் பலகையில் பாலம் 'பெர்மே' என்று ஒளிர்ந்துகொண்டிருந்தது. பெர்மே என்றால் உறுதி, பாலத்தைத் திருத்திப் பலப்படுத்திவிட்டார்கள் என்று இரவிச்சந்திரன் விளக்கம் சொல்லி நேரே விட்டார். பெர்மே என்றால் பூட்டு. பூட்டிய பாலத்தின் வாயில், முன்னும் பின்னும் லொறிகள் நிற்க, அவர்கள் முகூர்த்தம் முழுவதையும் கழித்தார்கள். மண்டபத்தில் ஐயர் அவசரப்பட்டதால், வீடியோக்காரரோடு லைற் பிடிக்க வந்த றொக்சன் என்ற மன்னார்க் கத்தோலிக்கர் தோழனாக நிறுத்தப்பட்டார். அவர் லைற்றைக் கீழே வைத்துவிட்டுக் காலைக் கழுவி, மோதிரத்தைப் போட்டுக்கொண்டு, மறுபடி லைற்றைத் தூக்கினார். கலியாண அல்பத்தில் இன்றைக்கும் தமையன் இருக்கவேண்டிய இடத்தில் றொக்சன்தான் சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

அன்றைக்கு மண்டப வாசலில் இரவிச்சந்திரன் ஒரு வசனம் சொன்னார்: பலகை பிழை. அதிலிருந்து அவர் இறங்கவில்லை. இப்போது வசீகரனின் மகள் துஷாந்தினிக்குக் கலியாணம் நிச்சயமாகி, அழைப்பிதழ் தாட்சாயினியின் பெயருக்கு மட்டும் வந்திருந்தது. "ரெண்டு பேற்ற பேரும் இல்லாத கார்ட்டுக்கு நான் மண்டபத்து வாசலும் மிதிக்க மாட்டன்" என்று சொல்லிவிட்டு, தாட்சாயினி அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தார். பால் எடுக்கும்போதெல்லாம் இரவிச்சந்திரன் அதைப் பார்க்கவேண்டியிருந்தது. தூக்கி வளர்த்த மருமகளின் கலியாணத்துக்கு மனைவி போகாமல் இருக்கப்போவது தன் வாயால்தான் என்று அவருக்குத் தெரியும். அந்த வாய்தான் திறக்கமாட்டேன் என்றது.

முதல் குமிழி வெடித்த அன்று மாலை தாட்சாயினி தேநீரோடு வந்து கொமோட் மூடியில் உட்கார்ந்து, "இன்னொருக்காத் தாழுங்கோ" என்றார். குமிழிகள் ஒவ்வொன்றாக வந்தன. களஞ்சியத்துக்குப் பின்னால் ஒரேயொரு சிகரெட், அதுவும் பாதி, என்றது ஒன்று. மீன்குழம்புக்கு உப்புக் கூட, என்றது அடுத்தது. தாட்சாயினி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். உப்புக்குச் சொன்ன பதில்தான் நீளம். மறுநாள் இரவிச்சந்திரன் கருவியைச் சுழியோடிச் சாமான் கடைக்குக் கொண்டுபோனார். கடைக்காரர் அழுத்தம் பார்த்து, தொட்டியில் வைத்துத் தானும் மூச்சு விட்டுப் பார்த்தார். அவருடைய குமிழிகள் தங்களுக்குள் பிரெஞ்சில் ஏதோ முறையிட்டன. "நோர்மால்" என்று அவர் தோளைக் குலுக்கினார். இரவிச்சந்திரன் விளங்கியதுபோலத் தலையாட்டினார்.

"இதைப் பற்றி வெளியில ஒருத்தரிட்டையும் மூச்சு விடக்கூடாது, சொல்லிப்போட்டன்" என்றார் தாட்சாயினி. சொன்ன கையோடு தொலைபேசியை எடுத்துத் தமையனைக் கூப்பிட்டார். "அண்ணை, இவர் ஏரிக்குள்ள இறங்கப்போறாராம். கயிறு பிடிக்க ஆளில்லை, எனக்கு நீந்தவும் தெரியாது. நான் தாலியைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறதோ, கயிற்றைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறதோ?"

வசீகரன் வந்தார். தங்கைக்காக வந்ததாகக் காரின் கதவைச் சாத்தும்போதே அறிவித்தார். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் ஏரிக்கரையோரம் மாணவர்கள் ஐஸ்கிறீம் தின்றுகொண்டிருந்தார்கள். படகுகள் மதகு திறக்கக் காத்து நின்றன. இரவிச்சந்திரன் நீலக் காலும் மஞ்சள் காலுமாக, ரப்பர் மடிப்புகள் தொங்க, தண்ணீரை நோக்கிப் பின்பக்கமாக நடந்தார்.

"கயிறு இடுப்பில இறுக்கமோ எண்டு கேள்" என்றார் வசீகரன்.

"காணும் எண்டு சொல்லும்" என்றார் இரவிச்சந்திரன்.

"ரெண்டு பேருக்கும் காது கேக்குதுதானே! நானென்ன ரெலிபோன் வயரோ?" என்றார் தாட்சாயினி.

சுழியோடியின் முதல் விதி, மூச்சை அடக்கக்கூடாது என்பது. தண்ணீருக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் நெஞ்சு வெடிக்கும். இரவிச்சந்திரனுக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் மூச்சு விட்டால் குமிழி போகும், குமிழி போனால் மச்சானுக்கு முன்னால் வெடிக்கும். ஏரியின் அடிச்சேற்றில் முழங்கால் பட்டதும் அவர் ஓர் இழுவை இழுத்து, பற்களைக் கடித்து, அடக்கினார். அத்தனை வருடமும் அடக்கியதோடு இதுவும் சேர்ந்து போய்க் குந்திக்கொண்டது. நெஞ்சு உப்பியது. நெட்டையரின் உடுப்பில் இருந்த மடிப்பெல்லாம் விரிந்து நிரம்பியது. எண்ணெய்ச் சட்டியில் அப்பளம் கிளம்புவதுபோல அவர் அடியை விட்டுக் கிளம்பத் தொடங்கினார். கரையிலிருந்து பார்த்தவர்களுக்கு ஒரு குமிழியும் தெரியவில்லை. கயிறு தொய்ந்தது. வசீகரன் உடுத்த காற்சட்டையோடு இடுப்பளவுக்கு இறங்கி, ஏரி முழுக்கக் கேட்கக் கத்தினார்.

"மச்சான்! மூச்சை விடும்! விடும் மச்சான், மூச்சை!"

மச்சான் என்ற அந்தச் சொல்லைக் கேட்டு எவ்வளவு காலம். தண்ணீர் வழியாக வந்தாலும் அது பழைய சத்தத்திலேயே வந்தது. இரவிச்சந்திரன் விட்டார்.

வந்த குமிழி சோற்றுப் பானையளவு இருந்தது. அவசரப்படாமல் மேலே வந்து, வசீகரனின் நெஞ்சுக்கு நேரே நின்று வெடித்தது. "பெர்மே எண்டால் பூட்டு எண்டு எனக்குத் தெரியாது, மச்சான். நான் பிரெஞ்சு வகுப்பில பாஸ் பண்ணேல்லை. பாஸ் எண்டு வீட்டில பொய் சொன்னனான். ரேடியோவில சொன்னது விளங்கேல்லை. போனையும் எடுப்புக்குப் பிரெஞ்சில வழிசொல்ல விட்டிருந்தனான், அது கத்தினதும் விளங்கேல்லை. எல்லாத்துக்கும் தலையாட்டினனான். நீர் சொன்னது சரி." ஒரு படகுக்காரர் தொப்பியைக் கழற்றினார். ஐஸ்கிறீம் தின்றவர்கள் தொடர்ந்து தின்றார்கள்.

இரவிச்சந்திரன் கரையேறி, தலையைக் குனிந்துகொண்டு நின்றார். வசீகரன் ஈரக் காற்சட்டையைப் பிழிந்துவிட்டு, "கழற்றும்" என்றார். உடுப்பு அவருக்கு அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்தியது, வசீகரன் நெட்டையர். கயிற்றை இப்போது இரவிச்சந்திரன் பிடித்தார். பிறகு மிளகளவில் ஒரு குமிழி கூச்சத்தோடு வந்தது.

"எனக்கும் பெர்மே தெரியாது. நீர் எந்தப் பாலத்தால போனாலும் நான் மற்றதைத்தான் சொல்லியிருப்பன்."

வசீகரனும் கரையேறினார். "அப்ப, என்ர தங்கச்சியின்ர அல்பத்தில றொக்சன் நிக்கிறது உங்கட ரெண்டு பேற்ற பிரெஞ்சாலதான்" என்றார் தாட்சாயினி. கொண்டுவந்த, மீன் வைத்த பணிஸ் ரொட்டியை முதலில் தான் எடுத்துச் சாப்பிட்டார்.

துஷாந்தினியின் கலியாணத்துக்குப் புது அழைப்பிதழ் வந்தது. இருவர் பெயர்களும் இருந்தன. இந்த முறை பிந்தக்கூடாது என்று இரண்டு மச்சான்மாரும் ஒரே வண்டியில் அத்தனை முன்னதாகக் கிளம்பியதால், மண்டபம் திறக்கவில்லை. கதவில் 'பெர்மே' என்று ஒரு பலகை தொங்கியது. வசீகரன் கதவைத் தட்டிப் பார்த்து, "நல்ல உறுதியான கதவு, மச்சான்" என்றார். இரவிச்சந்திரன் தலையாட்டினார்.

இப்போது கோடை வந்தால் சனிக்கிழமைகளில் இருவரும் ஏரிக்குப் போகிறார்கள். இருப்பது ஒரே ஒரு தொகுதிச் சாமான். ஒருவர் இறங்க, மற்றவர் கயிறு பிடிப்பார். றொக்சனும் ஒருமுறை வந்து இறங்கினார். மோதிரம் இறுக்கம், ஆனால் தரமாட்டேன், என்றது அவருடைய குமிழி. அங்கே கரையில் நடக்கிறவர்கள் குமிழிகளுக்காக நிற்பதில்லை. பதில் சொல்லவேண்டியவற்றுக்குத் தாட்சாயினி கதிரையில் இருந்தபடியே பதில் சொல்லிவிடுகிறார். அவர் இதுவரை இறங்கவில்லை. கேட்டால், தான் எதையும் உள்ளே வைத்திருப்பதில்லை என்கிறார். வீட்டில் பழப்புளி இரண்டு பக்கற் வாங்குகிறார்கள். ஒன்று குழம்புக்கு.