வெள்ளைப் பட்டை

சுழன்றுகொண்டே இருக்கிறது மரம், கத்தி அதன் உடம்பில் ஏறி நீளநீளமாக உரித்துக்கொண்டே போகிறது, சுடுநீரில் ஒரு நாள் முழுக்க ஊறிய, பேர்ச் என்கிற வெள்ளைப்பட்டை மரத்துக்கு அவித்த கிழங்கின் வாசம், பின்லாந்தில் இந்த ஒட்டுப்பலகைத் தொழிற்சாலையில் எட்டு வருடமாக இந்த வாசத்துக்குள்தான் நிற்கிறேன், இந்த மரம் இல்லாத வீடு இங்கே கிடையாது, நிலப்பலகை, கதிரை, பிள்ளைகள் நக்கிப் போடுகிற ஐஸ்கிறீம் குச்சி, ஈரமாக இருந்தாலும் தீப் பற்றிக்கொள்ளும் பட்டை, நல்ல மரம்தான், எனக்குத்தான் அதைக் கண்டால் ஆகாது. சில கட்டைகள் பார்வைக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கும், நாலு சுற்று உரிந்ததும் உள்ளிருந்து நனைந்த பாண்போலக் கொட்டும், உடனே இயந்திரத்தை நிறுத்தவேண்டும், என் கை பொத்தானுக்குப் போகாது, நான் அந்த ஆற்றங்கரையில் நிற்பேன்.

ஒன்பது வருடத்துக்கு முந்திய அந்தக் காலை, விடிந்துவிட்டது, எல்லை ஆற்றின் ஓரங்களில் ஐஸ் கட்டத் தொடங்கியிருக்கிறது, களவாக எல்லை கடத்திவிடுகிற ஏஜென்சிக்காரன் எங்களைக் காட்டுக்குள் விட்டுவிட்டுப் போய் இரண்டு நாள், அத்தானும் நானும் மட்டும்தான், அத்தான் என்றால் மங்கை அக்காவின் புருசன், குலவீரசிங்கம், கலியாணமாகி ஏழு மாதம், புறப்படும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், தம்பி, அவர் ஒரு அப்பாவி, நீதான் பாத்துக் கூட்டிக்கொண்டு போகவேணும். ஆற்றுக்குக் குறுக்கே ஒரு பேர்ச் மரம் விழுந்து கிடக்கிறது, வெள்ளை வெளேரென்று, பட்டையில் ஒரு கீறல் இல்லை, அத்தான் தயங்குகிறார், இது தாங்குமோடா என்கிறார், நான் பனைமரத்து ஊர்க்காரன், பனைக்கு வைரம் வெளியில், உள்ளே வெறும் சோத்தி, வெளிப்பக்கம் நல்லதென்றால் பனங்குத்தியை வாய்க்காலுக்குக் குறுக்கே போட்டு அரிசி மூட்டையோடு நடப்போம், அந்த அறிவை அப்படியே கொண்டுபோய் அந்த மரத்தில் வைத்தேன், பெரிய மரவியாபாரி மாதிரிக் கையால் தடவிப் பார்த்தேன், வைரம் பாய்ஞ்சு கிடக்கு அத்தான், பயப்பிடாமல் போங்கோ என்றேன். அவர் போகிறார், நடு ஆற்றில் மரம் விட்டுக்கொடுக்கிறது, முறிகிற சத்தம்கூட இல்லை, பட்டைதான் மரமாகக் கிடந்திருக்கிறது, உள்ளே எல்லாம் எப்போதோ கூழாகிவிட்டது, அவருடைய கை ஒரு தடவை மேலே வந்தது, பிறகு தண்ணீர் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

அக்காவுக்கு என்ன சொன்னேன், பொலிஸ் துரத்தினது, ஆளுக்கொரு பக்கமாக ஓடினோம், எங்கேயோ பிடிபட்டு மறியலில் அடைபட்டிருப்பார், வருவார் என்றேன், கோழை, அவளுடைய முகத்துக்குப் பயந்த கோழை நான், அவள் ஒன்பது வருடமாகப் பொட்டு வைக்கிறாள், தாலியோடு காத்திருக்கிறாள், அத்தான் நனைந்த சப்பாத்தோடு என் கட்டில் ஓரத்தில் வந்து நிற்கிறார், கனவா நினைப்பா தெரியவில்லை, ஒன்றும் கேட்கமாட்டார், அதுதான் எனக்குப் பயம். நேற்று மத்தியானம் சாப்பாட்டு இடைவேளையில் ஊரிலிருந்து அக்கா போன் எடுத்தாள், சாப்பிட்டியோ தம்பி என்றாள், பிறகு சொன்னாள், உன்ர மனிசியோட கதைச்சனான், பாவம், ஒண்டும் தெரியாமல் சொல்லிப்போட்டாள், கார்த்திகையில ஒரு நாள் நீ மச்ச மாமிசம் தொடமாட்டியாம், முழுகிப்போட்டு ஒருநேரச் சாப்பாடாம், ஆருக்கெண்டு கேட்டால் சும்மா எண்டுறியாம். மனம் சரியில்லாமல் செய்யிறது அக்கா என்று உளறினேன். அக்கா விடவில்லை, வருசா வருசம் திகதி மாறுதாம், அவள் கலண்டரில குறிச்சு வச்சிருக்கிறாள், நான் பஞ்சாங்கத்தை எடுத்து வச்சுப் பாத்தனான், எல்லாம் ஒரே திதி, அம்மாவும் அப்பாவும் உயிரோட இருக்கினம், எங்களுக்கு அண்டைக்கு ஆர் தம்பி செத்தது.

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், அபரபக்கச் சட்டித் திதி, விடியக்காலமை, அதுதான் வந்தது. அக்கா அழவில்லை. உனக்கு நேரமும் தெரியுது, அப்ப நீ பக்கத்தில நிண்டிருக்கிறாய், என்றாள், ரிக்கெற் போட்டு வா, மிச்சத்தை என்ர முகத்தைப் பாத்துச் சொல்லு.