சைடு லாக் போட்டது யார்

பதினொன்றாக இருபது நிமிடம் இருக்கும்போது அவன் கேட்டைத் திறந்து உள்ளே வந்தான். கணக்குப் போட்டுத்தான் வந்திருந்தான். அவன் மனைவி டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். செவ்வாய்க்கிழமை காலையில் போனால் ஒரு மணிக்குத்தான் வீடு திரும்புவாள். அதற்குள் தன் பழைய பைக்கை எடுத்துப் பார்சல் ஆபீசில் லாரிக்குப் போட்டுவிட்டு, இரண்டு மணி பஸ்ஸில் ஊரைவிட்டுப் போய்விடலாம். பார்சல் ஆபீசில் ஒரு மணிக்கு மேல் வண்டி வாங்க மாட்டார்கள். பத்து நிமிட வேலை, யாரிடமும் முகம் கொடுத்துப் பேச வேண்டியதில்லை என்று நினைத்திருந்தான்.

கதவைத் திறந்தது மாமியார்.

“வாங்க மாப்பிள்ளை” என்றாள், அவன் நேற்று மாலை கடைக்குப் போய்த் திரும்பியவன் போல. ஐந்து மாதம் ஆகியிருந்தது.

“வண்டிய எடுத்துட்டுப் போலாம்னு வந்தேன் அத்தை. அங்க ரூமுக்கும் கடைக்கும் ரொம்ப தூரம். பஸ்ல கால் வைக்க இடமில்ல.”

“உங்க வண்டி. எடுத்துக்குங்க. தண்ணி குடிக்கிறீங்களா?”

“வேண்டாம் அத்தை. நேரமில்ல.”

பைக் மாடிப்படிக்கு அடியில், பழைய பெட்ஷீட் போர்த்தி நின்றது. இழுத்து எடுத்ததும் தூசி கிளம்பி நாலு தும்மல் வந்தது. முன் டயரில் சொட்டுக் காற்றில்லை. சைலன்சர் வாயில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. இதெல்லாம் போகட்டும், தள்ளிக்கொண்டே போகலாம் என்று ஹேண்டிலைப் பிடித்து நேராக்கினான். அது வரவில்லை. இடப்பக்கம் திரும்பியபடி அப்படியே நின்றது.

குனிந்து பார்த்தான். சைடு லாக் போட்டிருந்தது.

அவன் திகைத்துப் போனான். இருபது வருடத்து வண்டி. அந்தப் பூட்டு மக்கர் பண்ணும் என்பதால் அவன் அதைத் தொட்டதே இல்லை. ஹேண்டிலுக்குக் கீழே, கழுத்துப் பகுதியில் தனியாக ஒரு சாவித் துவாரம். சாவியை நுழைத்தான். பாதிதான் போனது. அழுத்தியதும் முழுதும் போனது, ஆனால் திரும்பவில்லை.

கேட்டுக்குப் போகும் சந்தோ குறுகலானது. ஒரு பக்கம் படிக்கட்டு, ஒரு பக்கம் காம்பவுண்டுச் சுவர். ஹேண்டில் நேரானால் ஒழிய வண்டி வெளியே வராது.

“என்ன சார், லாக் ஆயிடுச்சா?” என்று மேலே இருந்து குரல் வந்தது. மாடியில் குடியிருப்பவர், கைப்பிடிச் சுவரில் ஈரத் துண்டைக் காயப்போட்டபடி எட்டிப் பார்த்தார். ரிட்டயர் ஆன தபால் ஆபீஸ்காரர். பொழுது போகாமல் இருந்தவருக்கு இது வசதியாகப் போய்விட்டது. கீழே இறங்கியே வந்துவிட்டார்.

“சுத்தியால ஒரு தட்டு தட்டுங்க. எங்க ஆபீஸ்ல ஒருத்தன் அப்படித்தான் தெறந்தான்.”

“தெறந்துச்சா?”

“தெறந்துச்சு. அப்புறம் பூட்ட முடியல.”

மாமியார் தையல் மெஷினுக்குப் போடும் எண்ணெயைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் துவாரத்துக்குள் ஆறேழு சொட்டு விட்டான். எண்ணெய் ஊற வேண்டும் என்று அவனுக்கே தெரியும். ஆனால் இருப்புக் கொள்ளவில்லை. கேட் வரை நடந்தான். திரும்பி வந்து சாவியைத் திருகினான். மறுபடியும் கேட் வரை நடந்தான். போனை எடுத்து மணி பார்த்தான். பதினொன்று இருபது. உள்ளே மாமியார் யாரிடமோ போனில் தணிந்த குரலில் பேசுவது கேட்டது. அடுப்படி ஜன்னல் பக்கம் அவன் திரும்பியதும் பேச்சு நின்றது.

“தூக்கிப் பாக்கலாமா சார்?” என்றான்.

அவன் முன்னாலும் மாடிக்காரர் பின்னாலும் பிடித்துத் தூக்கினார்கள். அரை அடி நகர்ந்தது. ஹேண்டில் சுவரில் உரசிக் காரை பெயர்ந்தது. மாடிக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். வண்டியின் முன் சக்கரம் இப்போது படிக்கட்டின் விளிம்பில் முட்டிக்கொண்டு நின்றது. முன்பைவிட மோசம்.

அவனுக்கு ஆத்திரம் வந்தது. சாவியை நுழைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு திருகினான். ‘டிக்’ என்றது. திறந்துவிட்டது என்றுதான் ஒரு நொடி நினைத்தான். கையில் சாவியின் தலை மட்டும் இருந்தது.

“போச்சு” என்றார் மாடிக்காரர்.

அவன் தன் பையைத் திறந்தான். அவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துபவன். கடுகு அளவு திருகாணிகளோடு நாளெல்லாம் மல்லுக்கட்டுகிறவன். பையில் எப்போதும் ஒரு சின்ன டப்பா இருக்கும்: ஊசி போன்ற ஸ்குரூ டிரைவர்கள், மெல்லிய சாமணம், உருப்பெருக்கிக் கண்ணாடி. தரையில் மண்டியிட்டு, கண்ணாடியைக் கண்ணில் பொருத்தி, இரண்டு மெல்லிய முனைகளைத் துவாரத்துக்குள் விட்டு உடைந்த துண்டை மெல்ல மெல்ல முன்னால் கொண்டுவந்தான். வழுக்கியது. மறுபடி. வியர்வை மூக்கு நுனியில் நின்றது. கடைசியில் சாமணத்தின் நுனியில் அந்தத் துண்டு வந்தபோது மணி பன்னிரண்டு ஐந்து.

வேலை சுத்தம். ஆனால் இனிமேல் திறக்கச் சாவி இல்லை.

அப்போதுதான் வாசலில் கார் வந்து நின்றது. கூரையில் டிரைவிங் ஸ்கூல் போர்டு. அவன் மனைவி இறங்கி, கதவைச் சாத்தி, நேரே சந்துக்குள் வந்தாள். அவன் மாமியாரைப் பார்த்தான். மாமியார் அவசரமாக உள்ளே போய்விட்டாள்.

“கிளாஸ் இல்லையா?” என்று கேட்டான்.

“ஸ்டூடண்ட்ட நடுவுல எறக்கி விட்டுட்டு வந்தேன். நீங்க போன மாதிரி கேக்காம கொள்ளாம இல்ல. கேட்டுட்டுத்தான் வந்தேன்.”

மாடிக்காரருக்குத் திடீரென்று காயப்போட்ட ஈரத் துண்டு ஞாபகம் வந்தது. மெதுவாகப் படியேறிப் போனார்.

“இந்த லாக்க யாரு போட்டது?”

“நான்தான்.”

“எதுக்கு? அது பழுதுன்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியும். அதனாலதான் போட்டேன். நீங்க போன மறுநாளே போட்டேன். என்னிக்காவது நான் இல்லாத நேரம் பாத்து வந்து இதையும் எடுத்துட்டுப் போவீங்கன்னு தெரியும். ஒரு அரை மணி நேரமாவது நிக்க வைக்கட்டும்னு போட்டேன்.”

“ஒன்றரை மணி நேரம் நின்னுட்டேன்.”

“நல்லது.”

புது ஊரில் பெரிய கடையில் வேலை கிடைத்ததும் ‘சரி’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, போவதற்கு முந்தின நாள்தான் அவளிடம் சொன்னான். அன்றைக்கு ஆரம்பித்த சண்டை. அப்புறம் போனில் ‘சாப்பிட்டியா’, ‘சாப்பிட்டேன்’ என்பதற்கு மேல் போகவில்லை.

“கேட்டா வேண்டாம்னு சொல்லுவன்னு பயந்தேன்” என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

“வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன். ரெண்டு நாள் கத்தியிருப்பேன். மூணாவது நாள் அங்க என்ன வேலை கிடைக்கும்னு நானே விசாரிச்சிருப்பேன். அந்த மூணு நாள உங்களால பொறுக்க முடியல.”

அவன் மணி பார்த்தான். அவள் அதைக் கவனித்தாள்.

“பார்சல் ஆபீஸா?”

“ஒரு மணி வரைக்கும்.”

அவள் கைப்பைக்குள் துழாவி மாற்றுச் சாவியை எடுத்தாள். பிறகு வண்டியைச் சுற்றி ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். “சக்கரத்தப் படில முட்ட வச்சிட்டு சாவியத் திருகுனா எப்படித் தெறக்கும்? மொத்த வண்டியும் அந்தப் பூட்டுத் தண்டு மேலதான் சாஞ்சிருக்கு. மொதல்ல சென்டர் ஸ்டாண்ட் போடுங்க.”

போட்டான். முன் சக்கரம் படியைவிட்டு விலகியது. அவள் இன்னும் நாலு சொட்டு எண்ணெய் விட்டாள். சாவியை ஐந்தாறு தடவை உள்ளே விட்டு வெளியே எடுத்துத் துடைத்தாள். துணியில் காவி நிறத்தில் துரு வந்தது.

“ஹேண்டில இன்னும் இடப்பக்கமே அழுத்திப் பிடிங்க. நேராக்க வேண்டாம். அப்பதான் தண்டு தளரும். ஆட்டாதீங்க.”

“ஆட்டல.”

“ஆட்டுறீங்க. கால் வேற ஆடுது. ஒரு நிமிஷம் நில்லுங்களேன்.”

அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். இரண்டு தடவை வரவில்லை. மூன்றாவது தடவை, “கொஞ்சமா விடுங்க... இன்னும் கொஞ்சம்... போதும்” என்றாள். சாவி திரும்பியது. உள்ளே தண்டு பின்வாங்கும் சத்தம் கேட்டது. ஹேண்டில் நேராக வந்தது.

மேலே இருந்து கைதட்டல் கேட்டது. இருவரும் நிமிர்ந்தார்கள். மாடிக்காரர் சட்டென்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

பன்னிரண்டு நாற்பது. பார்சல் ஆபீஸ் இரண்டு தெரு தள்ளி. காற்றில்லாத டயரோடு தள்ள வேண்டும். அவள் எதுவும் கேட்காமல் ஹேண்டிலைப் பிடித்தாள். அவன் பின்னால் கேரியரைப் பிடித்துத் தள்ளினான். தெருவில் போகிறவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அவளிடம் ஓட்டக் கற்றுக்கொண்ட பல் டாக்டர் அம்மா ஒருத்தி, “என்ன மேடம், இதையும் சொல்லித் தர்றீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கு மூச்சு வாங்கியதில் சிரிக்க முடியவில்லை.

ஒரு மணிக்கு நாலு நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தார்கள். ஷட்டரைப் பாதி இறக்கியிருந்த குமாஸ்தா முணுமுணுத்துக்கொண்டே தாளை நீட்டினார். சனிக்கிழமை போய்ச் சேரும் என்றார். அவன் எழுதி முடித்ததும் அவளிடம் கை நீட்டினான்.

“சாவி?”

“தர மாட்டேன். இருக்கிறதே இது ஒண்ணு. உங்க கைல குடுத்தா இதையும் ஒடச்சிடுவீங்க. நகல் போட்டு எடுத்துட்டு சனிக்கிழமை நானே வர்றேன்.”

“நெஜமாவா?”

“வண்டிக்காகத்தான் வர்றேன். எடத்தப் பாக்கணும். பாத்துட்டு வேண்டாம்னு சொன்னாலும் சொல்லுவேன். அப்பவும் மூணு நாள் பொறுக்கணும்.”

“பொறுக்கிறேன்” என்றான். சொல்லும்போதே இரண்டு மணி பஸ்ஸை நினைத்துக் கால் பரபரத்தது. அவள் அதையும் பார்த்தாள்.

சனிக்கிழமை அவள் வரவில்லை. அவன் காலையிலிருந்து பஸ் ஸ்டாண்டில் நின்று, வந்த ஒவ்வொரு பஸ்ஸையும் சுற்றி வந்தான். மாலையில் போன் வந்தது: ஒரு ஸ்டூடண்டுக்கு லைசென்ஸ் டெஸ்ட், நாளைக்கு வருகிறேன் என்று. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சின்னப் பையோடு இறங்கினாள். தூக்கம் கெட்ட கண். அறையைப் பார்த்தாள், குழாயைத் திறந்து பார்த்தாள், ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தாள்.

“வேண்டாம்” என்றாள்.

அவன் வாயைத் திறக்கப் போனான். பிறகு மூடிக்கொண்டான். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, கைகளை முழங்காலுக்கு நடுவே இறுக்கிக்கொண்டு, அவள் மேலே சொல்வதற்காகக் காத்திருந்தான்.

அவள் மறுநாள் வரை கத்தினாள். செவ்வாய்க்கிழமை காலையில் முகம் கழுவிவிட்டு வந்து, இந்த ஊரில் டிரைவிங் ஸ்கூல் எத்தனை இருக்கிறது என்று கேட்டாள்.