கோதுமைக்குப் பின்னால் அரைத்த அரிசி

என் வாய் சும்மா இருந்திருந்தால் இவ்வளவு பாடு பட்டிருக்க வேண்டியதில்லை. போன வருஷக் கிறிஸ்துமஸ் அன்று மதியம், சாப்பாட்டு மேசையைச் சுற்றிப் பத்துப் பேர் இருக்கும்போது, ஷாஜியாவைப் பார்த்து, "ஏன்டி, என் கையில என்ன விஷமா இருக்கு?" என்று கேட்டுவிட்டேன்.

ஷாஜியா அடுத்த தெரு அஜீஸாவின் மகள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஐந்தாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அந்தப் பெண் டீச்சரான என்னிடம் கணக்குப் படிக்க எங்கள் வீட்டுக்கு வந்தது என்பது பேச்சுக்குத்தான். பாதி நேரம் என் அடுப்படியில்தான் கிடக்கும். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்பே வந்து, கல்கல் பலகாரத்துக்கு மைதா மாவை உருட்டித் தருகிறேன் என்று பாதியைப் பச்சை மாவாகவே தின்றுவிடும். 'பெரியம்மா, பெரியம்மா' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டே என்னை அதற்குச் சொந்தமாக்கிக்கொண்டது.

கல்யாணமாகி சார்ஜாவுக்குப் போன பெண் மூன்று வருஷத்தில் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தது. தின்றால் வயிற்று வலி, வாந்தி, தலைமுடியெல்லாம் கொட்டுகிறது. மதுரையில் பெரிய டாக்டர் பார்த்து, கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற சத்து இவள் குடலுக்கு ஆகாது, ஆயுசுக்கும் கோதுமை, மைதா, ரவை தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார். அஜீஸா இதை என்னிடம் சொன்னாள்தான். நான்தான் சரியாகக் காதில் வாங்கவில்லை. கத்திரிக்காய் தின்றால் அரிக்கிற மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொண்டேன்.

அதனால்தான் போன கிறிஸ்துமஸுக்கு அவள் கைப்பையிலிருந்து சின்ன டிபன் டப்பாவை எடுத்து வைத்ததும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பாய் கடையில் கறி வாங்கி, விடியற்காலையிலிருந்து நின்று சமைத்த பிரியாணி முன்னால் இருக்கிறது. இவள் வீட்டிலிருந்து கொண்டுவந்த வெறும் சோற்றையும் ரசத்தையும் சாப்பிடுகிறாள். கேட்டுவிட்டேன். அவள் குனிந்துகொண்டாள். கண்ணீர் சோற்றில் விழுந்தது. என் வீட்டுக்காரர் சூசைமரியான் அன்று இரவு வரை என்னோடு பேசவில்லை.

பிறகுதான் அஜீஸா உட்கார வைத்து விவரமாகச் சொன்னாள். கடையில் வாங்கும் பெருங்காயத்தில்கூட மைதா கலந்திருக்கிறதாம். கோதுமை மாவு தொட்ட கரண்டி பட்டாலே போதுமாம், மூன்று நாள் படுக்கையாம். என் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள வைத்த கத்திரிக்காய்ப் பச்சடியில் பெருங்காயம் இருந்தது. நான் போய் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் ஒன்னுமில்ல பெரியம்மா" என்று சிரித்தாள். ஆனால் அந்த வருஷம் முழுக்க எங்கள் வீட்டுக்கு வந்தால் தண்ணீர் மட்டும்தான் குடித்தாள். அதுவும் நான் மனம் கோணக் கூடாது என்பதற்காகக் குடித்தாள்.

இந்த நவம்பரில் அவள் வீட்டுக்காரன் அன்வர் சாதிக் ஜனவரிக்கு டிக்கெட் போட்டுவிட்டான் என்று தெரிந்தது. உடம்பு தேறிவிட்டது, அவள் சார்ஜாவுக்கே போகிறாள். எனக்குப் பக்கென்றது. இந்தக் கிறிஸ்துமஸை விட்டால் இனி எப்போதோ. அவள் போவதற்குள் ஒரு தடவையாவது என் கையால் எதையாவது சாப்பிட்டுவிட வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

"உனக்கு என்ன திங்க ஆசைன்னு சொல்லுடி" என்று நச்சரித்தேன். முதலில் மழுப்பினாள். அப்புறம் சொன்னாள். சார்ஜாவில் பக்கத்து ஃபிளாட் பிலிப்பைன்ஸ்காரி ஒரு கிறிஸ்துமஸுக்கு பிஸ்கட் டப்பா கொடுத்தாளாம். இஞ்சி, பட்டை, கிராம்பு வாசனையோடு, கறுப்புப் பாகு ஊற்றிச் செய்தது. கோதுமைதான் ஆகவில்லையோ என்று ஷாஜியாவுக்கு அப்போதே சந்தேகம் இருந்ததாம்; கோதுமை இல்லை என்று டப்பாவிலேயே எழுதியிருந்ததாம்.

"பயமில்லாம தின்னேன் பெரியம்மா. ஒரே நாள்ல முழு டப்பாவையும் காலி பண்ணிட்டேன்."

பயமில்லாமல் என்று அவள் சொன்ன விதம் என்னை என்னவோ செய்தது. அன்றே யூடியூபைத் திறந்தேன்.

கறுப்புப் பாகுக்கு மொலாசஸ் என்று பெயராம். சர்க்கரை ஆலையில் கடைசியாக வடிகிற பாகு. காரைக்குடியில் நான்கு கடை ஏறி இறங்கினேன். நான்காவது கடைக்காரர், "அது மாட்டுத் தீவனத்துக்குக் கலக்குறதுல்ல டீச்சர்? வீட்ல மாடு எப்ப வாங்குனீக?" என்று கேட்டார். மாடு போகட்டும் என்று ஒரு கிலோ கருப்பட்டியை வாங்கி வந்து காய்ச்சி வடிகட்டினேன். கருகருவென்று, லேசான கசப்போடு, அருமையான பாகு. மொலாசஸ் என்னத்துக்கு?

மாவுதான் என்னைப் படுத்தி எடுத்தது. மிக்ஸியில் பச்சரிசியை அரைத்து முதல் தடவை போட்டதில் பிஸ்கட் கையில் எடுக்கும்போதே உதிர்ந்தது. கோதுமை இல்லையென்றால் பிடிப்பு இல்லை. இரண்டாம் தடவை கல்லாகிவிட்டது. "மேரி, இதைக் கடிக்கணும்னா முதல்ல பல்லை மாதாகிட்ட ஒப்படைச்சிட்டுத்தான் கடிக்கணும்" என்றார் சூசைமரியான். மூன்றாம் தடவை ஜவ்வரிசியும் சேர்த்து அரைத்து, ஒரு முட்டை கூடுதலாக விட்டு, பிசைந்ததை ஒரு மணி நேரம் ஊறவிட்டுச் சுட்டேன். சுக்கும் பட்டையும் கிராம்பும் மணக்க, மேலே வெடித்து, உள்ளே மெத்தென்று வந்தது. அவர் மூன்றைத் தின்றுவிட்டு நான்காவதையும் எடுத்தார். எனக்கு அது போதும்.

சுத்தத்தில் நான் விட்டுக்கொடுக்கவே இல்லை. புதுத் தட்டு, புது சல்லடை, புதுக் கரண்டி. ஓவனை நான்கு தரம் துடைத்தேன். கல்கல் வேலையை முன்னதாகவே முடித்து, மைதா டப்பாவைப் பரணில் ஏற்றி, அடுப்படியைக் கழுவிவிட்டேன். வீட்டுக்காரரை ரொட்டி தின்றுவிட்டு அடுப்படிப் பக்கம் வரக் கூடாது என்று துரத்தினேன்.

ஆனால் தட்டு நிறைய வேண்டாமா? எங்கள் வீட்டிலிருந்து அஜீஸா வீட்டுக்குப் போகிற கிறிஸ்துமஸ் தட்டு குமிந்துதான் போக வேண்டும். குறைத்து அனுப்பிப் பழக்கமில்லை. அறுபது பிஸ்கட்டுக்கு மாவு என்றால் மிக்ஸி தாங்காது. மூன்றாவது ஜாருக்கே புகை வாசனை வந்தது. ஆகவே கழுவிக் காய வைத்த அரிசியையும் ஜவ்வரிசியையும் தூக்கிக்கொண்டு, இருபத்திரண்டாம் தேதி தெருக்கோடி மில்லுக்குப் போனேன்.

மில்லில் எனக்கு ஒரு பேர் உண்டு. மிளகாய் ஓடிய மெஷினில் என் அரிசியைப் போட விடமாட்டேன். மஞ்சள் ஓடியிருந்தாலும் விடமாட்டேன். எத்தனை நேரமானாலும் நிற்பேன். அன்றும் போன உடனே மில்லுக்கார வயிரவனைப் பிடித்துக்கொண்டேன்.

"மிளகாய் ஓடுச்சா வயிரவா?"

"இல்ல டீச்சர். நாச்சியாபுரத்துல மாலை போட்ட சாமிமார் அன்னதானத்துக்கு பதினஞ்சு கிலோ கோதுமை ஓடுச்சு. இப்பத்தான் முடிஞ்சது. உங்களுக்காகவே காத்துக் கிடக்குற மாதிரி மெஷின் பளிச்சுனு இருக்கு. கொட்டுங்க."

நல்லவேளை என்று கொட்டினேன். சூடாக, வெள்ளை வெளேரென்று மாவு இறங்கியது. எனக்குப் பின்னால் பொன்னுத்தாயி நின்றாள். எங்கள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவள். அவளிடம் கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசிவிட்டு வந்தேன். மறுநாளும் அதற்கடுத்த நாளும் சுட்டேன். அறுபது. எண்ணிப் பார்த்து எண்ணிப் பார்த்து டப்பாவில் அடுக்கினேன்.

கிறிஸ்துமஸ் காலை பத்து மணிக்குத் தட்டைக் கொடுத்து சூசைமரியானை அனுப்பினேன். போய்ச் சொல்ல வேண்டியதையும் மனப்பாடம் செய்ய வைத்தேன். "முழுக்க அரிசி மாவு, ஒரு பொட்டு கோதுமை கிடையாது, பயமில்லாம சாப்பிடு." அவர் போனதும் வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பரீட்சை எழுதிவிட்டு மார்க்குக்குக் காத்திருக்கும் பிள்ளை மாதிரிதான்.

பொன்னுத்தாயி வந்தாள். "கிறிஸ்மஸ் நல்லா கொண்டாடுனீகளா டீச்சரம்மா?" என்றவள், கல்கல்லை வாயில் போட்டுக்கொண்டே ஆரம்பித்தாள்.

"அன்னைக்கு உங்களுக்குப் பின்னாடி அரைச்சேன்ல, பாழாப்போன மாவு. சப்பாத்தி தேச்சா ஓரமெல்லாம் விரிஞ்சு விரிஞ்சு போகுது. மாமியா என்னைப் போட்டு ஏசுது. என்னடான்னு பாத்தா, உங்க அரிசி மாவு பாதி என் கோதுமையில கலந்து வந்திருக்கு. அந்த வயிரவன் மெஷினைத் தட்டிக்கூட விடமாட்டான்."

நான் சிரித்தேன். "என் அரிசி மாவு உனக்குக் கசக்குதாக்கும்" என்றுகூடச் சொன்னேன். சொல்லி முடிக்கும்போதே வேறொன்று உறைத்தது. என்னுடையது அவளுடையதில் போயிருக்கிறது என்றால், எனக்கு முன்னால் ஓடியது எங்கே போயிருக்கும்? பதினைந்து கிலோ கோதுமை. முப்பது வருஷமாக மில்லில் மிளகாயையே பார்த்துப் பழகிய கண், வெள்ளையாக இருந்தால் சுத்தம் என்று நம்பிவிட்டது.

செருப்புப் போட்டேனா என்று ஞாபகம் இல்லை. பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். ஐம்பத்தாறு வயதில், கிறிஸ்துமஸ் காலையில், டீச்சர் தெருவில் ஓடுகிறாள் என்று பார்த்தவர்கள், எங்கள் வீட்டில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அஜீஸா வீட்டுக் கூடத்தில் தட்டு நடுவில் இருந்தது. சூசைமரியான் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஷாஜியா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் விரலில் ஒரு பிஸ்கட். வாய்க்குப் பக்கத்தில்.

"ஏய், திங்காத! கீழ போடு!"

போட்ட கூச்சலில் சூசைமரியான் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். அஜீஸா எழுந்து வந்தாள். "என்னக்கா, என்ன இப்படி ஓடி வாரீக?"

எனக்கு மூச்சு வாங்கியது. மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மில், கோதுமை, பொன்னுத்தாயியின் சப்பாத்தி. சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் என்னைக் கண்டால் பிள்ளைகள் நடுங்கும். அங்கே நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன்.

அஜீஸாவுக்கு என் அழுகையைப் பார்க்கத் தாங்கவில்லை. "அட விடுங்கக்கா, மெஷின்ல ஒட்டியிருந்த தூசிதான. இவ்வளவு பாடுபட்டுச் செஞ்சிருக்கீக. ஒன்னு தின்னா ஒன்னும் ஆயிறாது. உங்க மனசுக்காகத் தின்னுட்டுப் போறா" என்றாள்.

"ஆகும். ஒன்னுகூடத் திங்கக் கூடாது" என்றேன். பிஸ்கட்டை ஷாஜியா கையிலிருந்து நானே பிடுங்கித் தட்டில் போட்டேன். "போய்க் கையைக் கழுவு. சோப்புப் போட்டுக் கழுவு."

அவள் எழுந்திருக்கவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"பெரியப்பா தட்டைக் கொடுத்தப்பவே கேட்கணும்னு நினைச்சேன் பெரியம்மா. மாவு வீட்ல அரைச்சீகளா, மில்லுல அரைச்சீகளான்னு."

"கேட்டிருக்க வேண்டியதுதானடி?"

"கேட்டா போன வருஷம் மாதிரி உங்க மனசு நோகும்னு கேட்கல. அரை மணி நேரமா கையில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். மூணு நாள் வயித்து வலிதான, தாங்கிக்கிறலாம், ஊருக்குப் போறதுக்குள்ள உங்க கையால ஒன்னு தின்னுட்டுப் போயிறலாம்னு நினைச்சேன்."

ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். அவள் என் கையால் சாப்பிட வேண்டும் என்று ஒரு மாதமாக ஓடிக்கொண்டிருந்தேனே, அந்த ஆசை அவளை எங்கே கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறது! வலி வரும் என்று தெரிந்தே எனக்காக வாயைத் திறந்திருக்கிறாள். என் ஒற்றைச் சொல் ஒரு வருஷமாக அந்தப் பெண்ணின் தொண்டையில் நின்றிருக்கிறது. அவளைப் பக்கத்தில் இழுத்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"இங்க பாரு. இனிமே என் மனசு நோகும்னு எதையும் வாயில வச்ச, தோலை உரிச்சிருவேன். கேளு. நூறு கேள்வி கேளு. எனக்குக் கோபம் வந்தா வரட்டும், அது என் பாடு. நீ கேளு."

"எல்லாரும் ஒன்னும் ஆகாது, தின்னு தின்னுன்னுதான் சொல்லுவாக" என்றாள் ஷாஜியா. "திங்காதன்னு ஓடி வந்தது நீங்க மட்டும்தான்."

அந்த அறுபது பிஸ்கட்டையும் அஜீஸா வீட்டு விருந்தாளிகளும் பொன்னுத்தாயியும் இரண்டே நாளில் முடித்துவிட்டார்கள். மறுநாள் மதியம் நான் கடையில் புதிதாக ஒரு மிக்ஸி ஜாரை வாங்கிக்கொண்டு வந்தேன். கொஞ்சம் கொஞ்சமாக, ஜார் ஆற ஆற அரைத்தேன். பன்னிரண்டு பிஸ்கட்டுக்குத்தான் மாவு தேறியது. தட்டு நிறையவில்லை. நிறையாவிட்டால் போகிறது.

சாயந்தரம் ஷாஜியா வந்தாள். அடுப்படி மேடையில் ஏறி உட்கார்ந்தாள். ஒரு பிஸ்கட்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு கேட்க ஆரம்பித்தாள்.

"எந்த ஜார்ல அரைச்சீக?"

"புதுசு. பில்லு அங்க இருக்கு பாரு."

"சலிச்சது?"

"புது சல்லடை."

"சுக்குப் பொடி கடைல வாங்குனதா?"

"இல்ல. சுக்கு வாங்கி நானே இடிச்சேன்."

"தட்டுல எண்ணெய் தடவிட்டு மாவு தூவுனீகளா?"

"தூவுனேன். இதே அரிசி மாவு."

ஒன்பது கேள்வி கேட்டாள். நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கோபம் வரவில்லை. அவள் கேட்கக் கேட்க, இத்தனை நாள் எங்கேயோ போயிருந்த பிள்ளை ஒவ்வொரு படியாக ஏறி வீட்டுக்குள் வருகிற மாதிரி இருந்தது. பத்தாவதாகவும் ஒன்று கேட்டாள். அது எனக்குச் சரியாகப் புரியவில்லை. அவள் வாய் நிறைய பிஸ்கட் இருந்தது.