எந்தத் தோள்?

என் ஆன்லைன் உடற்பயிற்சி வகுப்பில் சேர விரும்புகிறவர்கள் முதலில் ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். பதினெட்டுக் கேள்விகள். வயது என்ன, எத்தனை மணிக்குத் தூங்குவீர்கள், சர்க்கரை உண்டா, வேலையில் எவ்வளவு எடை தூக்குவீர்கள் என்று கல்யாணத் தரகர்கூடக் கேட்காததையெல்லாம் கேட்டு வைத்திருந்தேன். புரட்டாசிக் கடைசியில் வந்த ஒரு படிவத்தைப் பார்த்துவிட்டுக் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தேன். பெயர் மணவாளன். வயது முப்பத்தாறு. பின்கோடு 620006. தொந்தரவு, தோள்வலி. எடை பற்றிய கேள்விக்கு எதிரே, ‘சொல்லப்படாது’ என்று எழுதியிருந்தார்.

620006 என்றால் ஸ்ரீரங்கம். நான் வேலை பார்க்கும் ஜிம் உறையூரில். நடுவில் காவிரிப் பாலம், அவ்வளவுதான். துபாயிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் போன் வழியாக என்னிடம் கற்றுக்கொள்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. டவுன் பஸ் ஏறி வந்துவிடக்கூடிய மனிதர் எதற்கு ஆன்லைனில் வருகிறார்? அதுகூடப் போகட்டும். வாயால் சொல்லக்கூடாத அளவுக்கு அப்படி என்ன தூக்குகிறார்? எனக்கு அடுத்த வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று தெரியாவிட்டாலே தூக்கம் வராது. இது விடுமா?

ஆன்லைனை ஆரம்பித்து வைத்தவள் என் மனைவி பவித்ரா. ஜிம்மில் காலையில் நான்கு மணி நேரம், மாலையில் நான்கு மணி நேரம். ஒவ்வொருவர் பக்கத்திலும் நின்று, முதுகை நிமிர்த்தி, முட்டியைத் திருத்தி அனுப்பினால் ஒரு நாளைக்கு ஏழு பேருக்கு மேல் முடியாது. சம்பளமும் அந்த ஏழு பேரோடு நின்றுவிடும். “நடுவுல பகல் பூரா சும்மாதானே உருண்டுட்டு இருக்கீங்க, போன்ல சொல்லிக் கொடுங்க” என்றாள். பாலக்கரையில் எங்கள் வாடகை வீட்டு மொட்டைமாடியில் நின்று எடுத்த ஒரு வீடியோ ஓடு ஓடு என்று ஓடியது. ‘வலி இருக்கற இடம் வேற, காரணம் இருக்கற இடம் வேற’ என்று அதில் ஒரு வரி சொல்லியிருப்பேன். சொன்னபோது பெரிதாக யோசிக்கவில்லை. ஆனால் அந்த வரிக்காகவே ஆட்கள் சேர்ந்தார்கள். ஒரு வருஷத்தில் முப்பத்திரண்டு பேர்.

முப்பத்திரண்டு பேர் செய்வதையும் உட்கார்ந்து பார்க்க யாராலும் முடியாது. ஆகவே ஓர் ஏற்பாடு செய்திருந்தேன். தினசரிப் பயிற்சியைச் செய்துவிட்டு ‘முடிந்தது’ என்று ஒரு டிக் போட்டால் போதும். வாரத்துக்கு ஒருமுறை மட்டும், இரண்டு கைகளையும் சேர்த்துத் தலைக்கு மேல் தூக்கி இறக்குவதைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். அதைப் பார்த்து நான் திருத்தம் சொல்லுவேன்.

மணவாளனின் முதல் வீடியோவை நான்கு முறை பார்த்தேன். வெறும் சுவர், எதிரே ஒரு மனிதர். நெற்றியில் நாமம், மார்பில் பூணூல், வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். டம்பெல் இல்லாததால் இரண்டு அரிசிப் பைகளைத் தூக்கினார். ஒரு தோள் மட்டும் கறுத்து, உள்ளங்கை அகலத்துக்குத் தடித்துப் போயிருந்தது. காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்களிடம் அப்படிப் பார்த்திருக்கிறேன். நாமம் போட்டுக்கொண்டு யார் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார்கள்? கை உயரும்போது அந்தத் தோள் லேசாகக் கீழே இறங்கியது. ‘வலது தோள் பலவீனமாக இருக்கிறது. வலது கைக்கு மட்டும் தினமும் இரண்டு மடங்கு செய்யவும்’ என்று எழுதிப் போட்டேன். அதன்பிறகும் ஆசை அடங்காமல் போன் செய்தேன்.

“சார், எவ்வளவு எடைன்னு தெரிஞ்சாத்தான் என்னால சரியாப் பயிற்சி கொடுக்க முடியும்.”

“எடைன்னு சொல்லப்படாது மாஸ்டர்” என்றார் மெதுவாக. “அடியேன் பெருமாளை ஏளப்பண்றவன்.”

கோயிலில் உற்சவத்தின்போது பெருமாள் பல்லக்கைத் தோளில் சுமந்து வருகிறார்களே, ஸ்ரீபாதம் தாங்கிகள், அவர்களில் ஒருவர். அந்தப் பல்லக்குக்கே ‘தோளுக்கினியான்’ என்று பெயராம். கேட்டதும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தோளை வைத்துப் பிழைக்கிறவன் நான், எனக்கு இந்த வார்த்தை இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே.

“ஸ்ரீரங்கத்துலயே ஜிம் இருக்கே சார். ஏன் ஆன்லைன்?”

“எங்க போனாலும் தெரிஞ்சவா. தோள் போயிடுத்துன்னு ஒருத்தனுக்குத் தெரிஞ்சாப் போறும், ‘பாவம், நீ சித்த நாள் ஓய்வெடு’ன்னு ஒதுக்கிடுவா. வைகுண்ட ஏகாதசிக்கு முந்தின பகல் பத்து உற்சவத்துக்கு அடியேன் தோள்ல பல்லக்குத் தண்டு இருக்கணும். நடையெல்லாம் ஒண்ணாப் போகணும் மாஸ்டர். ஒருத்தன் தோள் இறங்கினாலும் பெருமாள் சாய்வார்.” குரல் கொஞ்சம் உடைந்தது. “தலைமுறை தலைமுறையாப் பண்றோம். என்னால சாயப்படாது.”

அன்றிலிருந்து முப்பத்திரண்டு பேரில் எனக்கு மிகவும் வேண்டியவர் அவர்தான். மற்றவர்கள் தொப்பையைக் குறைக்க வந்தவர்கள். ஒரு நாள்கூடத் தவறாமல் டிக் போட்டார். ஆனால் வாரா வாரம் வலிக்கு அவர் போடும் மதிப்பெண் மட்டும் ஆறிலிருந்து இறங்கவே இல்லை. ஒரு மாதம் கழித்து ஏழானது. ‘வலி இருக்கற இடம் வேற, காரணம் இருக்கற இடம் வேற. விடாமல் செய்யுங்கள்’ என்று பதில் போட்டேன். அவர் கும்பிடும் கை ஒன்று அனுப்பினார்.

இரண்டு மாதம் போயிற்று. பகல் பத்துக்குப் பதினேழு நாள் இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை இட்லி சாப்பிட்டுக்கொண்டே அந்த வார வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்னி ஊற்ற வந்த பவித்ரா எட்டிப் பார்த்தாள்.

“இவரு வீட்ல இன்னிக்குத் திதியா?”

“எப்படிச் சொல்ற?”

“பூணூலு வலது தோள்ல கிடக்கே.”

பவித்ராவின் அப்பாவுக்கு அம்மா மண்டபம் சாலையில் கடை. தர்ப்பை, எள், வாழைக்காய் எல்லாம் கிடைக்கும். அமாவாசைக் கூட்டத்தில் வளர்ந்தவள் அவள். எப்போதும் இடது தோளில் கிடக்கும் பூணூலை, முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்கும்போதுதான் வலது தோளுக்கு மாற்றுவார்களாம். நான் போன வார வீடியோவைத் திறந்தேன். அதிலும் வலது. அதற்கு முந்தையது, முதல் வீடியோ, எல்லாமே வலது.

“என்னங்க இது, வாரா வாரமா திதி கொடுப்பாங்க?” என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐந்தாவது வாரத்து வீடியோவில் அரிசிப் பை ஒன்று தற்செயலாக முன்பக்கம் திரும்பியிருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். ‘பொன்னி’ என்ற எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பியிருந்தது. முன்பக்கக் கேமராவில் எடுத்தால் சில போன்கள் அப்படித்தான் பதிவு செய்யும், இடம் வலமாக, வலம் இடமாக. இது எனக்குத் தெரியாத விஷயமே இல்லை. பார்க்கவில்லை, அவ்வளவுதான். அவருக்குப் பழுதானது இடது தோள். நான் இரண்டு மாதமாக நன்றாக இருந்த வலது தோளைப் பலமாக்கிக்கொண்டிருந்தேன்.

பதினெட்டுக் கேள்வி கேட்ட படிவத்தில், எந்தத் தோள் என்று ஒரு கேள்வி இல்லை.

இட்லித் தட்டைத் தள்ளி வைத்தேன். ‘இந்த வாரம் முதல் இடது கைக்கு மாறலாம்’ என்று ஒரு வரி தட்டினேன். அவர் எதையும் கேட்க மாட்டார், டிக் போடுவார், என் பெயருக்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் பதினேழு நாளில் எந்தத் தோளையும் தேற்ற முடியாது. அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. பெருமாள் சாய்ந்தால் ஊர் அவரைத்தான் பார்க்கும், என்னை இல்லை. பவித்ரா போனையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அழிச்சுட்டு நேர்ல போயிட்டு வாங்க” என்றாள்.

மறுநாள் அம்மா மண்டபம் படித்துறையில் சந்தித்தோம். வீடியோவில் பார்த்து நெடிய உருவமாக நினைத்திருந்தேன், என் தோளுக்குத்தான் இருந்தார். சட்டை போட்டுக்கொண்டு, பழைய மொபெட்டை ஓரமாக நிறுத்திவிட்டு, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைபோலக் கூச்சத்தோடு சிரித்தார்.

“சார், உங்களுக்கு வலி எந்தத் தோள்ல?”

“இடத்தோள்ல. பத்து மாசமா. ஏன் மாஸ்டர்?”

“அப்ப நான் வலது கைக்குச் செய்யச் சொன்னப்ப ஏன் சார் ஒரு வார்த்தை கேக்கல?”

“நீங்கதானே சொன்னேள், வலி இருக்கற இடம் வேற, காரணம் இருக்கற இடம் வேறன்னு.”

வெட்கத்தில் காவிரியைப் பார்த்துக்கொண்டு முழுவதையும் சொல்லி முடித்தேன். கேமரா, பூணூல், அரிசிப் பை, நான் அனுப்ப இருந்த அந்த ஒற்றை வரி, எல்லாவற்றையும். அவர் எழுந்து இரண்டு படி இறங்கினார், திரும்பி ஏறி வந்தார்.

“ரெண்டு மாசம் மாஸ்டர்! விடியக்காலம் நாலு மணிக்கு எழுந்து, ஆத்துக்காரிக்குக்கூடத் தெரியாம அரிசிப் பையைத் தூக்கிண்டு நின்னேன். யாரை நம்பி?”

திட்டி முடிக்கட்டும் என்று நின்றேன். ஆனால் அவருக்குத் திட்டத் தெரியவில்லை. படியில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

“கைய வச்சுப் பார்க்கலாமா சார்?” என்று கேட்டேன். தயக்கத்தோடுதான் கேட்டேன். அவர் சட்டையைக் கழற்றினார். இடது தோளில் காய்ப்பு காய்ந்த தோல்போல இருந்தது, அதற்கு அடியில் அழுத்தியதும் முகம் சுளித்தார். பத்து வினாடிக்கு மேல் அந்தக் கை நிற்கவில்லை. அடுத்து வலது கையை நீட்டச் சொல்லி, என் முழு பலத்தையும் போட்டுக் கீழே அழுத்தினேன். அசையவில்லை. இரண்டு கையாலும் அழுத்தினேன். ஒரு தொழில்காரனாகச் சொல்கிறேன், அப்படி ஒரு தோளை நான் ஜிம்மில் நேரில் நின்று யாருக்கும் உருவாக்கியதில்லை.

“சார், வலது தோள்ல தண்டை வாங்க முடியாதா?”

“முடியும். மறுபக்கம் இருக்கறவனோட இடம் மாறணும்.”

“மாறிக்குங்களேன்!”

“ஏன்னு கேப்பாளே.” சட்டையை எடுத்து மாட்டினார். பொத்தானை ஒவ்வொன்றாகப் போட்டு முடிக்கும்வரை என்னைப் பார்க்கவில்லை. “அதைச் சொல்லப்படாதுன்னுதானே உங்ககிட்ட வந்தேன்.”

மொபெட் கிளம்பிப் போய்விட்டது. அடுத்த பதினாறு நாளும் டிக் வரவில்லை. நான் அனுப்பிய மூன்று செய்திகளையும் பார்த்திருந்தார், பதில் போடவில்லை. மற்ற முப்பத்தொரு பேரையும், முதலில் வலது கையை உயர்த்திக் காட்டிவிட்டு வீடியோ எடுக்கச் சொன்னேன். எதற்கு என்று கேட்டவர்களிடம் உண்மையைச் சொன்னேன். இரண்டு பேர் விலகிக்கொண்டார்கள்.

பகல் பத்து முதல் நாள் காலையில் பவித்ராவை அழைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். நாதஸ்வரம் நெருங்கியதும் கூட்டம் நெட்டித் தள்ளியது. முன்வரிசைக்கு முண்டியடித்துப் போய்விட்டேன். ஒரே அடி வைத்து, ஒரே அசைவில் பல்லக்கு எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. தாங்கிகள் எல்லார் நெற்றியிலும் நாமம், எல்லார் மார்பிலும் பூணூல். மணவாளன் எங்கே? இருக்கிறாரா, ஒதுக்கிவிட்டார்களா?

இருந்தார். முன்வரிசையில், கண்கள் கீழே பார்த்தபடி. தண்டு அவருடைய ஒரு தோளில் இருந்தது. எந்தத் தோள்? எதிரே வருகிறவரின் வலது எனக்கு இடப்பக்கம் அல்லவா இருக்கும்? பதற்றத்தில் ஒன்றும் பிடிபடவில்லை, பாழாய்ப்போன கண்ணாடி மறுபடியும் என் முன்னால் வந்து நின்றது. ஒன்றாம் வகுப்புப் பையன்போல என் வலது கையை உயர்த்தி அவரோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் ஒற்றைக் கையோடு நின்றேன்.

வலது தோள். சந்தேகமே இல்லை, வலது தோள்தான்.

தோள் இறங்கவில்லை. என்னைக் கடக்கும்போது அவர் பார்வை ஒரு கணம் என் உயர்ந்த கைமேல் விழுந்தது. சிரித்தாரா என்று சத்தியமாகத் தெரியாது, என் கண்ணில் அப்படித் தண்ணீர். பல்லக்கு போனபிறகு பவித்ரா என் முழங்கையைப் பிடித்து உலுக்கினாள். “எவ்வளவு அழகு, பார்த்தீங்களா? பெருமாளுக்கு என்ன மாலைங்க அது?” என்றாள். எனக்குத் தெரியவில்லை. மாலை இருந்ததா என்றே தெரியவில்லை.

மத்தியானம் போன் ஒலித்தது. மணவாளன் குரல் பதிவு ஒன்று அனுப்பியிருந்தார்.

“மாஸ்டர், எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். பெரியவா ரெண்டு பேர் நன்னா திட்டினா, முன்னாடியே சொல்றதுக்கு என்னடான்னு. அவாளே இடத்தை மாத்தியும் விட்டா. இனிமே ஆன்லைன் வேண்டாம், உறையூருக்கே வந்துடறேன். இன்னிக்குப் பெருமாள் சேவை ஆச்சா?”

பொய் சொல்ல மனம் வரவில்லை. ‘இல்லை சார். உங்கள் தோளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்’ என்று எழுதினேன்.

உடனே பதில் வந்தது.

‘அபசாரம். நாளைக்கு மறுபடி வாங்கோ. பெருமாளைப் பாருங்கோ. தோளை அடியேன் பாத்துக்கறேன்.’