வேகம் போதல, கேப்டன்

மாதா கோவிலில் எனக்கும் கெல்வினுக்கும் மூன்றாவது, கடைசிக் கல்யாண அறிவிப்பு ஓலையையும் ஃபாதர் வாசித்து முடித்த அதே ஞாயிற்றுக்கிழமை, கெல்வினின் அம்மா கேதரின் என்னைக் கோலா கெத்தில் ஊரிலிருக்கும் தன் வீட்டுக்கு வரச் சொன்னார். புடவை காட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நம்பிப் போனேன் பாருங்கள், என் புத்தியைச் சொல்ல வேண்டும். ஹாலில் கெல்வின் இருந்தான். அவன் அண்ணன் ரஃபேலும் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு வாய்த் தண்ணீர்கூட யாரும் கொடுக்கவில்லை.

"என் பெரிய மவன ஃபெயில் பண்ண வச்சிட்டு, சின்ன மவன கட்டிக்க வர்றியா?" என்றார் ஆன்ட்டி. "ஊர்ல எங்களுக்கு எவ்ளோ மாலு, எவ்ளோ அவமானம் தெரியுமா? வெளிய தலகாட்ட முடியல."

நாங்கள் மூவருமே ஒரே கம்பெனியில் விமானிகள். ரஃபேல் கேப்டன், நானும் கெல்வினும் துணை விமானிகள். போன வாரம் சிமுலேட்டர் பரீட்சையில் ரஃபேலுக்குப் பக்கத்து இருக்கை எனக்கு விழுந்தது. தரையை விட்டு எழும்பியதுமே பரீட்சை அதிகாரி ஓர் எஞ்சினை அணைத்தார். அதுவரை ரஃபேல் நன்றாகத்தான் ஓட்டினார், பொய் சொல்ல மாட்டேன்.

ஒற்றை எஞ்சினில் வேகம் மெதுவாகத்தான் கூடும். இறக்கையிலிருந்து இறங்கி நிற்கும் ஃப்ளாப்தான் அந்தக் குறைந்த வேகத்தில் விமானத்தைத் தாங்கும். போதுமான வேகம் வந்த பிறகே அதைப் படிப்படியாக உள்ளே இழுக்க வேண்டும். இழுக்கச் சொல்லிக் கேப்டன் கேட்பார். நான் வேகத்தைப் பார்த்து, சரியென்றால் மட்டும் லீவரைத் தள்ளி அதை உள்ளே இழுப்பேன். ரஃபேல் அவசரப்பட்டுக் கேட்டார். "வேகம் போதல, கேப்டன்" என்றேன். மறுபடி கேட்டார். மறுபடியும் அதையே சொன்னேன். உடனே அந்த மனிதர் என் கையைத் தட்டிவிட்டுத் தானே லீவரைத் தள்ளினார். விமானம் விழப் போகிறது என்று கண்ட்ரோல் கிடுகிடுவென ஆடி எச்சரித்தது. திரையில் தரை எங்கள்மேல் ஏறி வந்தது. சிமுலேட்டர் என்பதால் உயிரோடு இருக்கிறோம்.

"அது வெறும் மெஷின்லா," என்றார் ரஃபேல். "நீ எதுத்துப் பேசுனதாலதான் எனக்குக் குழம்பிருச்சி. நாளைக்கு ஆபீஸ்ல போய் அதச் சொல்லு. எனக்குப் போட்ட ஃபெயில எடுத்துருவாங்க."

"வயசுல மூத்தவன் சொன்னா கேக்க மாட்டியா?" என்று ஆன்ட்டி எகிறினார்.

"அங்க அவரு மூத்தவரு இல்ல ஆன்ட்டி, கேப்டன். கேப்டன் தப்பாக் கேட்டா முடியாதுன்னு சொல்லத்தான் என்னை உக்கார வச்சிருக்காங்க."

"வாயப் பாரு! நாளைக்கு நீ போய்ச் சொல்லலன்னா இந்தக் கல்யாணம் இல்ல."

கெல்வினைப் பார்த்தேன். அந்தத் தடியனை ஐந்து வருஷமாக நேசிக்கிறேன். எனக்காக ஒரு வார்த்தை பேச மாட்டானா என்று காத்திருந்தேன்.

"அண்ணன் கேட்டா தள்ளிட்டுப் போக வேண்டியதுதான எலைன்," என்றான்.

"நீயா இருந்தா?"

"மொதத் தடவையே தள்ளியிருப்பேன். அண்ணன்லா. அவர்கிட்ட எப்படி மாட்டேன்னு சொல்றது?"

"ஆள் ஏத்திக்கிட்டுப் போற நெஜ பிளேன்லயும்?"

"அண்ணன் எங்க உக்காந்தாலும் அண்ணன்தான்."

மோதிரத்தைக் கழற்றி மேசையில் வைத்தேன். "நான் போய்ச் சொல்ல மாட்டேன். உங்க கல்யாணத்த நீங்களே வச்சிக்குங்க."

ரஃபேல் சிரித்தார். "போவட்டும்மா. பரீட்சைய திரும்பப் பண்ணி பாஸாகி நான் பறக்கப் போறப்ப, தம்பியவே பக்கத்துல போடச் சொல்றேன். இந்தத் தொல்ல இருக்காது."

ஆன்ட்டி சிரிக்கவில்லை. ஒரு மகனையும் இன்னொரு மகனையும் மாறி மாறிப் பார்த்தார்.

வாசலில் நான் செருப்பு மாட்டும்போது பின்னாலேயே வந்தார். என் முழங்கையை வலிக்க வலிக்கப் பிடித்தார். முகத்தில் அதே வெறுப்பு, கொஞ்சமும் குறையவில்லை.

"நீ எனக்கு மருமவளா வர வேணாம்," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "ஆனா ரஃபேல் திரும்பப் பறக்கறப்ப, அவன் பக்கத்துல நீயே உக்காரு."